ஆறு மணிக்கு வலது பக்கம்

காலை ஐந்தரைக்குச் சாதனா விடுதிப் படிக்கட்டில் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் ஒட்ட வெட்டினாள். ஓரங்களைத் தேய்த்தாள். பிசிறு இருக்கிறதா என்று கன்னத்தில் இழுத்துப் பார்த்தாள். கம்பெனி பார்க்கப் போவதற்கு இவ்வளவு ஜோடனையா என்று மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். நோயாளி இருக்கிற இடத்துக்குத்தானே போகிறோம் என்றாள்.

திருகோணமலைக்காரி. வயது இருபத்திரண்டு. அப்பா மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பழுது பார்ப்பவர். முதியோர் பராமரிப்பு படிக்க உதவித்தொகையில் கொல்கத்தா வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெங்காலி அரைகுறை. கை வேலை சுத்தம்.

அன்று சாந்த்ராகாச்சியில் மருத்துவமனைக் கட்டில் செய்யும் பட்டறை, பெஹாலாவில் ஒரு கம்பெனி நடத்தும் முதியோர் இல்லம், பிறகு ஊர் சுற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பதினெட்டு மாணவிகள், ஆசிரியர் நரேன், துணைக்கு நான். நாற்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் கல்லூரி என்னைக் கூப்பிடும்.

பட்டறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. மேலாளர் ரஞ்சன் எங்களை ஒரு கட்டிலருகே நிறுத்தினார். பக்கவாதத்தில் பேச்சு போன ரயில்வேக்காரர் படுத்திருந்தார். அங்கே எல்லாரும் அவரை மேசோ என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டவணை தொங்கியது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறோம், ஒவ்வொரு முறையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், இந்த ஊரில் வேறு யார் செய்கிறார்கள் என்றார் ரஞ்சன். பெண்கள் படம் எடுத்தார்கள். சாதனா அட்டவணையைப் படித்தாள்.

"சார், இன்னும் பன்னிரண்டே ஆகேல்ல. ஆறு மணிக்கு வலது பக்கம் திருப்பினதெண்டு எழுதியிருக்கு. ஆர் திருப்பினது?"

பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. பார்வையாளர் வரும்போது ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று உத்தரவாம். ஆயா சுப்ரியா நாள் முழுவதையும் காலையிலேயே நிரப்பிவிட்டாள். பதினான்கு பேருக்கு அவள் ஒருத்தி.

சாதனா மேசோவின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்தாள். ஈரம். விரலால் அழுத்தினாள், சிவப்பு வெளுக்கவில்லை. புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். யாரிடமும் கேட்காமல் சுப்ரியாவையும் சேர்த்துக்கொண்டு அவரைப் புரட்டி, துணி மாற்றினாள். ரஞ்சன், அது இனிமேல் செய்யப்போவதன் திட்ட அட்டவணை என்றார். வாய் கூசவில்லை. அட்டவணையை நானும் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் நின்றேன்.

கிளம்பும்போது ஆளுக்கொரு படிவம் வந்தது. பராமரிப்பு மிகச் சிறப்பு என்று அச்சடித்தே இருந்தது. கையெழுத்துப் போட்டால் கம்பெனி முத்திரை கிடைக்கும். முத்திரை இல்லாவிட்டால் அன்றைய பயிற்சி நேரம் சேராது. நேரம் குறைந்தால் உதவித்தொகை நிற்கும், திருகோணமலைக்குத் திரும்ப வேண்டியதுதான். நரேன் இதையெல்லாம் சாதனாவுக்கு விளக்கினார்.

"பேசாம போட்டுட்டு வாம்மா. காளிகாட் கோயில்ல நடை சாத்திடுவாங்க."

"நான் போட மாட்டன் சார்."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

காளிகாட்டில் நெரிசலில் இடிபட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு. மற்றவர்கள் சங்கு வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். "இப்ப மேசோ இடது பக்கம் படுத்திருக்கிறாராம்," என்றாள் சாதனா, யாரையும் பார்க்காமல். நான்கு மணிக்கு விக்டோரியா நினைவு மண்டபப் புல்வெளியில் பொரி தின்றுகொண்டிருந்தோம். "இப்ப மல்லாக்க." சனியனே, ஒரு நாள் ஊர் பார்க்க விட மாட்டாயா என்று ஒருத்தி சீறினாள். "உன்ர முதுகில்லையே," என்றாள் இவள். ஆறு மணிக்குப் பஸ்ஸில் அவள் வாயைத் திறக்குமுன் நரேன் எழுந்து முன்னிருக்கைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் பெஹாலாவில் இருந்தாள். மேசோவின் மகள் தினமும் அந்த நேரத்துக்கு அவருக்கு ஊட்ட வருவாள் என்று சுப்ரியா சொல்லியிருந்தாள். வாசலிலேயே மகளைப் பிடித்து, அரைகுறை பெங்காலியில் விஷயத்தைச் சொல்லி, உள்ளே கூட்டிப்போய் முதுகைக் காட்டினாள். மகள் அங்கேயே டாக்டருக்குப் போன் செய்தாள்.

பத்து மணிக்குச் சாதனா கல்லூரி அலுவலகத்தில் நின்றாள். படிவத்தில் அச்சடித்த வரியைக் குறுக்கே அடித்து, பார்த்ததை நேரத்தோடு எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து. அதைக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டோம் என்று போட்டுத் தரச் சொன்னாள். குமாஸ்தா மதியம் வரச் சொன்னார். அவர் போட்டுத் தரும்வரை அவள் மேசையை விட்டு நகரவில்லை.