துரைசானி கற்ற தமிழ்

ஐப்பசி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிந்து ஐந்து நாழிகை, வாடைக்காற்றோடு தூறல். அன்று பழவேற்காட்டுக் கோட்டை வாசலில், உலாந்தா என்கிற டச்சுக்காரத் துரையின் இரண்டரை வயது மகன் என்னைப் பார்த்து "நைனா" என்று கத்தினான்.

அவனை வளர்த்தவள் என் மனைவி. அன்று அவள் இருந்தாள்; இதை எழுதும் இப்போது அவள் இறந்து இரண்டாவது ஐப்பசி. கோட்டைக்குள் ஐந்து வருஷம் ஆயாவாக இருந்தாள். மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். முகத்துவாரத்தை மணல் மூடி, கோட்டைக்குப்பத்துத் தோணிகள் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏரிக்குள்ளேயே கிடந்த வருஷம் உள்ளே போனவள். தோணிகளுக்கு மீன் கணக்கு எழுதுகிற எனக்கு எழுத மீன் இல்லை. முன்பணம் வாங்கினோம். ஒரு பிள்ளை நடக்கத் தொடங்குவதற்குள் வீட்டில் ஏதாவது செலவு வந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு மறுபடி முன்பணம். அந்தக் கடன் அடையும்வரை அவள் வெளியே தங்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மட்டும் வாசலில் ஒரு நாழிகை நின்று எங்கள் மகளையும் என்னையும் பார்ப்பாள். இடுப்பில் அந்தப் பையன் இருப்பான். மகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் அவனும் கூப்பிட்டான்.

வாசலில் இருந்த துபாஷி சும்மா இருக்கவில்லை.

"இன்னாய்யா, வெள்ளையா ஒண்ணு எப்போ பெத்தே?"

காவலாளிகள் சிரித்தார்கள். எதற்குச் சிரிப்பு என்று துரை கேட்டார். துபாஷி அதையும் மொழிபெயர்த்தான். அடுத்த செவ்வாயிலிருந்து நான் வாசலுக்கு வரக் கூடாது என்று உத்தரவானது.

கார்த்திகையில் துபாஷி வேறு செய்தி கொண்டுவந்தான். துரை கடலுக்கு அப்பாலுள்ள பத்தாவிக்கு மாற்றலாகிறார். தை மாதக் கப்பலில் ஆயாவும் போகவேண்டும். இல்லையென்றால் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். அங்கே போன யாரும் எங்கள் குப்பத்துக்குத் திரும்பியதில்லை. தோணியில் எனக்கிருந்த கால் பங்கை விற்றேன். அந்தப் பணத்தில் துபாஷிக்கும் கொஞ்சம் கொடுத்து, பணமுடிப்போடு உள்ளே போனேன். துரை எண்ணி வாங்கிக்கொண்டார். துரைசானிதான் விடமாட்டேன் என்றாள். பையனுக்கு எங்கள் பேச்சைத் தவிர ஒன்றும் தெரியாது.

கிளம்பு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நகரவில்லை.

"கட்டிட்டே, சரி. கப்பல்ல அவன் உவ்வானு அழுதா, அது வலினு எவளுக்குத் தெரியும்?"

கப்பல் வரும்வரை சம்பளமில்லாமல் இருக்கிறேன், பையன் பேசுவதை உங்களுக்குச் சொல்லித்தருகிறேன், நீங்கள் தேறினால் என்னை விடுங்கள் என்று துபாஷி மூலம் அவளே பேசினாள். துரைசானி ஒப்புக்கொண்டாள்.

நான் வெளியே நாட்களை எண்ணினேன். உள்ளே பாடம் நடந்தது: சோற்றுக்கு மம்மு, தூக்கத்துக்குத் தாச்சி, வலிக்கு உவ்வா. இதில் துரைசானி மம்முவையும் உவ்வாவையும் மாற்றிக்கொண்டு, வயிற்றுவலியில் அழுத பிள்ளைக்குச் சோறு ஊட்டினாளாம். அதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போனது. அதற்குள் கப்பலும் வந்துவிட்டது.

புறப்படும் நாளில், படகுத்துறையில் பையன் என் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். துரைசானி குனிந்து, "தாச்சியா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டிவிட்டுத் தாயின் தோளில் சாய்ந்தான். துரைசானி என் மனைவியைப் பார்த்து, "போ" என்றாள். அது பையனிடம் கற்ற சொல், 'போய் வா' என்று சொல்ல அவளுக்குத் தெரியாது என்று, சாகும்வரை என் மனைவி துரைசானிக்காக வாதாடினாள்.

வீட்டுக்கு வந்தபின் சம்பளத்துக்கு எந்தப் பிள்ளையையும் அவள் தூக்கவில்லை. முன்பணம், துபாஷிக்குக் கொடுத்தது, இரண்டு மாதச் சம்பள நஷ்டம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முப்பத்தோரு வராகன், ஏழு பணம்.