லூமா

இன்று பெட்டியிலிருந்து எடுத்த பழைய பள்ளிக்கூடக் கொப்பியில், அடுப்புப் புகையும் ஈரமும் கலந்த வாடை அப்படியே இருந்தது. மண்சரிவில் போன எங்கள் பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லயத்தின் வாடை. அங்கே வரிசையாக ஒட்டிய ஆறு வீடுகளின் நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது, ஒரு வீட்டுப் பேச்சு ஆறு வீட்டுக்கும் கேட்கும் என்பதால், நானும் தங்கை செல்வியும் எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாக்கி, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவந்தோம். தோட்ட வேலையை மேற்பார்க்க வரும் கண்டாக்கு ஐயா 'கிப்பு', பசி 'லூமா', எதையும் இரண்டு தரம் சொன்னால் ரொம்ப என்று அர்த்தம். தகரத்தில் மழை கொட்டும் மாலைகளில் அந்தப் பாஷையிலேயே சண்டை போட்டு, அதிலேயே சிரிப்போம்.

பன்னிரண்டு வயதில் செல்வியைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். தமிழ் தெரிந்த அந்த வீட்டம்மா பக்கத்தில் நிற்க, எங்கள் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுப்பாள்; கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். முதல் தடவையே, "லூமா லூமா" என்றாள். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த திமிர் எனக்கு. கூட நின்ற தோழிகள் முன்னால் கூச்சம் வேறு.

"சின்னப்புள்ளையாடி நீ? ஒழுங்கா தமிழ்ல பேசு" என்று அதட்டினேன்.

பிறகு ஒழுங்காகத் தமிழில் சொன்னாள்:

"நல்லா இருக்கேன்க்கா."