படத்துக்கு வைத்த காபி

போன வாரம் ஏற்காட்டில் ஒரு இன்டர்வியூ பார்த்தேன். இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை!

என் கல்லூரித் தோழி காயத்ரி அங்கே காபித்தூள் கம்பெனி நடத்துகிறாள். அவள் அப்பா ஆரம்பித்தது. தினமும் அவரே ருசி பார்த்து ‘சரி’ என்றால்தான் தூள் பாக்கெட்டுக்குள் போகும். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த வேலைக்குக் காயத்ரி யாரைப் போட நினைத்தாள் தெரியுமா? கிளியூர் ஸ்டெல்லாவை. எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவள்... இப்போது கம்பெனியில் கெட்ட கொட்டைகளைப் பொறுக்கி நீக்குகிறவள்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. சுவரிலிருந்த பெரியவர் படத்தைக் காட்டினார்.

“ஏனுங்க அம்மிணி, ஐயா இருந்திருந்தா இதுக்குச் சம்மதிப்பாருங்களா?”

இந்தக் கேள்விக்கு இருக்கிற பவர் இருக்கிறதே! நான் பார்த்தவரை, மறைந்த முதலாளிகள் எல்லாரும் கேள்வி கேட்பவர் கட்சிதான். எதிர்க்கட்சிக்கு ஒருவர்கூடப் போவதில்லை.

“டெஸ்ட் வெச்சே பாத்துரலாங்க” என்றாள் காயத்ரி.

நான்கு டம்ளரில் பால் சேர்க்காத காபி. ஒன்றில் மட்டும் கருகிய கொட்டை. தப்பாகச் சொன்னால் ஸ்டெல்லா பழையபடி கொட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான். அவள் சர்ர்ரென்று உறிஞ்சி, மூன்றாவது டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“இது தீஞ்சுபோச்சுங்க.”

சரியான விடை! நான் கைதட்டியே விட்டேன்.

“குருட்டாம்போக்குல சொல்லியிருக்கும்” என்று முனகினார் மேனேஜர்.

ஸ்டெல்லா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மூக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பெரியவர் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு டம்ளர் காபி வைப்பார்கள். அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அக்கா... அதையும் குடிச்சுப் பாக்கட்டுங்களா?”

படத்துக்கு வைத்ததையா! மேனேஜர் எழுந்தே விட்டார். காயத்ரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தானே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரே வாய்தான். ஸ்டெல்லாவின் முகம் கோணியது. “நொம்ப மோசமுங்க. பூசணம் புடிச்ச கொட்டை... நாங்க கழிச்சுப் போட்டதுங்க.”

காயத்ரியும் குடித்தாள். துப்பாத குறை. காபி போடுகிற ராஜம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“படந்தானுங்களே, யாரு குடிக்கப் போறாங்கன்னு மேனேஜர்தானுங்க கழிச்ச தூளுல போடச் சொன்னாரு... மூணு வருசமா அதுதானுங்க.”

மேனேஜர் ஃபேனைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா? “சார், ஐயா இருந்திருந்தா இதைக் குடிச்சிருப்பாரா?”

காயத்ரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “டம்ளரை வீசியிருப்பாரு” என்றாள். ஸ்டெல்லாவுக்கு அங்கேயே வேலை உறுதியானது. அவள் புதிதாக ஒரு காபி போட்டு, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்து, ‘சரி’ என்று சொன்ன பிறகே படத்தின் முன் வைத்தாள்.

அந்தக் கம்பெனியில் பெரியவர் பெயரைச் சொல்லாத ஆளே கிடையாது... அவருக்கு வைத்த காபியைக் குடித்துப் பார்க்கத்தான் மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.