மூன்று ஆடிட்டர்களுக்கு மூன்று பொய்கள்

வங்கி மேலாளர் தங்கமான மனிதர். என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்து, நான் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் கேட்டார்: "சார், இந்தப் பையில என்ன இருக்கு?"

"கணக்கு சார்."

அது பத்து கிலோ பொன்னி அரிசிப் பை. உள்ளே என் தொழிலின் பெட்ரோல் பில்கள், டயர் பில்கள், மெக்கானிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் எல்லாம் கூட்டுக்குடும்பமாக இருந்தன. மேலாளர் கையை விட்டு ஒன்றை எடுத்தார். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வந்தது. அவ்வளவு காகிதத்தில் அது எப்படி அவர் கைக்கு அகப்பட்டது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடிங்க. கணக்கை ஒழுங்கா எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இந்த லோன் ஃபைலை நான் மூடிடுவேன்," என்றார். மூடுவது எப்படி என்று ஃபைலை மூடியும் காட்டினார்.

எனக்குப் போர்ட் பிளேரில், கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டி பக்கம் ஒரு சின்னத் தொழில். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறேன். வீடு சிப்பிகாட்டில். வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, வருகிறவர்களைத் தங்கவைக்க வேண்டும் என்பது என் மனைவியின் திட்டம். லோன் அதற்குத்தான். அறைக்குச் சுவரே இல்லாத நிலையில் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துத் தைத்து மடித்து வைத்திருந்தாள். அவளிடம் போய் "ஃபைலை மூடிட்டாங்க" என்று சொல்வதைவிட, நான் ஸ்கூட்டரோடு ஜெட்டியிலிருந்து கடலில் இறங்குவது எளிது.

முன்பு எனக்கு ஒரு ஆடிட்டர் இருந்தார். லீவுக்குக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போனார். கப்பலில் டிக்கெட் கிடைத்ததும் திரும்பி வந்துவிடுவதாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து மட்டும் தவறாமல் அனுப்புவார்.

ஆக, நம்பிக்கையான ஆடிட்டர் வேண்டும். ஜெட்டி டீக்கடையில் விசாரித்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, நம்பிக்கை என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். "ரொம்ப நம்பிக்கையானவரு. டாக்ஸே கட்ட விடமாட்டாரு," என்றார் ஒருவர். "என்னோட மருமகன்," என்றார் மீன் விற்கும் பெங்காலிப் பெரியவர். அதற்கு மேல் ஒரு தகுதி தேவை என்று அவர் நினைக்கவில்லை. மருமகன் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டதற்கு, "படேகா, படேகா," என்றார். இனிமேல்தான் படிக்கப் போகிறாராம்.

கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். இதில் யார் நல்லவர்? சாதாரண மனிதனாக இருந்தால் பழைய வாடிக்கையாளர்களை விசாரித்திருப்பான். எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். மழையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் எனக்கே என்மேல் மரியாதை வந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

யோசனை இதுதான். நம்முடைய ஊர் தீவு. ஒரு ரகசியத்தை விட்டால் அது எங்கேயும் போக முடியாது. சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்துதான் ஆக வேண்டும். ஆகவே மூன்று ஆடிட்டர்களிடமும் மூன்று வெவ்வேறு பொய்களை ரகசியமாகச் சொல்வது. எந்தப் பொய் திரும்பி வருகிறதோ, அந்த ஆடிட்டர் அவுட்.

முதல் ஆடிட்டர் கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி என்று வசதியாக இருந்தார். என் அரிசிப் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பில் எல்லாம் எதுக்கு பாய்? பேங்க்குக்கு எவ்வளவு லாபம் காட்டணும்னு சொல்லுங்க, அவ்வளவு காட்டிடலாம்," என்றார். எனக்கு அது பெரிய திறமையாகப் பட்டது. குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் தெரியாது, நான் ஒரு படகு வாங்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஆடிட்டர் என் மனதை அள்ளிக்கொண்டார். அப்படி ஒரு கலகலப்பு! எந்தக் கடைக்காரர் எவ்வளவு கடனில் இருக்கிறார், எந்தக் கான்ட்ராக்டர் பெண்டாட்டி பேரில் எத்தனை பிளாட் வாங்கியிருக்கிறார், எல்லாம் விரல் நுனியில். நான் இரண்டு டீயும் ஒரு சமோசாவும் சாப்பிட்டுக்கொண்டு, "அப்படியா! அப்புறம்?" என்று கேட்டபடி ஒரு சாயங்காலத்தையே அங்கே கழித்தேன். கிளம்பும்போதுதான் என் பரீட்சை நினைவுக்கு வந்தது. "நான் குடும்பத்தோட மெயின்லேண்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். அடுத்த கப்பல். வெளிய தெரிய வேண்டாம்," என்றேன். "சேச்சே, என்கிட்ட வந்தது வந்ததுதான்," என்று நெஞ்சில் கை வைத்தார்.

மூன்றாவது ஆடிட்டர் ஒரு அம்மாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான் என்பது பேச்சில் தெரிந்தது. தமிழுக்கும் இந்திக்கும் நடுவே வாசல் கதவு திறந்தே கிடந்தது. வணக்கம் சொல்வதற்குள் கட்டணம் எவ்வளவு என்று சொல்லிவிட்டார். பிறகு அரிசிப் பையை மேஜையில் கவிழ்த்தார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, "இது என்ன அண்ணே? இது எதுக்கு? இதுக்கு பில் கஹா ஹை, எங்கே?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் உட்கார்ந்ததுபோல் எனக்கு வியர்த்தது.

"பேங்க்குக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்ட முடியுமா மேடம்?"

"முடியாது. இருக்கிறதைத்தான் காட்டுவேன். வேற சொத்து, கடன், ஏதாவது இருக்கா? உள்ளதைச் சொல்லிடுங்க."

சரியான இடம் என்று பொய்யை இறக்கினேன். "பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பாக்குத் தோட்டம் வாங்கியிருக்கேன் மேடம். வீட்டுல தெரியாது."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். குறித்துக்கொண்டார். "அச்சா," என்றார். அவ்வளவுதான்.

படகு முதலில் வந்தது. மறுநாளே ஜெட்டியில் ஒருவர் கைகொடுத்து, "முபாரக் ஹோ சேட்!" என்று வாழ்த்தினார். மனைவியின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் டிரைவர் வேலை கேட்டு போன் செய்தார். மாயாபந்தரிலிருந்து ஒருவர் பழைய இன்ஜினை விற்பதற்காகப் பஸ் ஏறி வந்தே விட்டார். அதற்குள் ஊர்ப்பேச்சில் படகு இரண்டாகியிருந்தது. கடலுக்குள் மீன் பார்க்க, ஒன்றுக்கு அடியில் கண்ணாடி வேறு போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே குஷி. ஒரு ஆடிட்டர் அவுட்!

ஆனால் இரண்டாவது பொய் எப்படித் திரும்பி வரும் என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். இந்தத் தீவில் ஒருவன் மெயின்லேண்ட் போகிறான் என்று தெரிந்தால் யாரும் அவனிடம் ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். பார்சலோடு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். என் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கப்பலுக்குப் போதுமான சரக்கு இறங்கியிருந்தது. கருவாட்டு மூட்டை, தேங்காய் எண்ணெய் டின், சென்னையில் படிக்கும் பெண்ணுக்குப் போர்வை, பழுது பார்க்க ஒரு தையல் மெஷின். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"இவங்க?" என்றேன்.

"இவங்களும் பார்சல்தான்," என்றாள் என் மனைவி. "தாம்பரத்துல மக வீட்டுல இறக்கி விடணுமாம். என்னங்க, நாம எப்போ மெயின்லேண்ட் போறோம்? கப்பல்ல போறோமா, இல்ல உங்க ரெண்டு படகுல போறோமா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பரீட்சை விஷயத்தை முழுவதும் சொன்னேன். பாராட்டுவாள் என்று ஒரு ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. அவள் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முத ஆளு பில்லே வேணாம்னாரு. ரெண்டாவது ஆளு அடுத்தவங்க கதையெல்லாம் உங்ககிட்ட சொன்னாரு. அப்போ உங்க கதைய அடுத்தவங்ககிட்ட சொல்லமாட்டாரா? இதுக்கு ஒரு பரீட்சையா? காது இருந்தாப் போதாதா?"

காது இருந்தது. அதில் சமோசா சாப்பிடும் சத்தம் நிறைந்திருந்தது.

"மூணாவது ஆளுகிட்ட என்ன சொன்னீங்க?"

"பெரார்கஞ்சுல உனக்குத் தெரியாம தோட்டம் வாங்கியிருக்கேன்னு."

"ஓ," என்றாள். "தோட்டமாவது நிஜமா இருந்திருக்கலாம்."

பார்சல்களைத் திருப்பிக் கொடுப்பது தனிப் புராணம். பக்கத்துத் தெரு அம்மாதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை; என்னை நம்பி மருமகளிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவராம். மத்தியானச் சாப்பாடு போட்டு, ஸ்கூட்டரில் உட்காரவைத்து, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு மருமகளிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் பாக்குத் தோட்டம் வரவே இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். டீக்கடையில் நானே, "பெரார்கஞ்ச் பக்கம் பாக்கு விலை எப்படி?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன். ஒருவர் கண்ணிலும் ஒரு மினுக்கல் இல்லை. அந்தம்மாள் வாயைத் திறக்கவே இல்லை! மாசக் கடைசி நெருங்கிவிட்டது. அரைக் கிலோ லட்டு வாங்கி, அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

"மேடம், நீங்க பாஸ்!" என்றேன். விவரமும் சொன்னேன்.

அவர் லட்டைத் தொடவில்லை. "அப்போ தோட்டம் இல்லை?"

"இல்லவே இல்லை மேடம்!"

"தேக்கோ, பாருங்க அண்ணே. இல்லாத தோட்டத்துக்காக நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யோசிச்சிருக்கேன். வாங்கின காசு எங்கிருந்து வந்துச்சு, எப்படிக் காட்டுறது, வீட்டுல தெரிஞ்சா அந்தம்மா என்ன பண்ணும்னு. கணக்குல என் கையெழுத்து இருக்கும். நாளைக்குக் கேள்வி வந்தா நான்தான் பதில் சொல்லணும். முதல் நாளே என்கிட்ட பொய் சொன்ன ஆளுக்கு நான் எப்படிப் போடுவேன்?" அரிசிப் பையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நீங்க என்னை பாஸ் பண்ணிட்டீங்க. நான் உங்களை ஃபெயில் பண்ணிட்டேன்."

படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினேன். பரீட்சை வைத்தவனே தோற்றுப்போன பரீட்சை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வருத்தம் தொண்டைவரை வந்தது. அங்கிருந்து சிரிப்பாக வெளியே போனது. தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த திரைத்துணியை ஒரு முறை பார்த்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அரிசிப் பையைத் தரையில் கொட்டினாள். "பெட்ரோல் இந்தப் பக்கம், டயர் அந்தப் பக்கம். உட்காருங்க," என்றாள். சமையல் அன்றைக்கு இல்லை. ஆடிட்டர் தொடாத லட்டுதான் சாப்பாடு.

மறுநாள் அவளே பையோடு போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வந்து சொன்னது இவ்வளவுதான்: "செய்றாங்களாம். ஆனா பேப்பர் எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். நீங்க எது சொன்னாலும் நான் ஆமாம்னு சொன்னாத்தான் எழுதுவாங்களாம்."

"நான் வரலாமா?"

"வரலாமாம். பேசக்கூடாதாம்."

கையெழுத்தாகும் நாளில் நானும் போனேன். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கொஞ்ச நேரம் காகிதச் சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, மூச்சு வாங்க, மேஜையைத் தட்டி ஒரு சிரிப்பு. என் மனைவி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் பெயர் வேறு நடுவில் அடிபட்டது.

கதவு திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார் ஆடிட்டர். என் மனைவி கையில் கையெழுத்திட்ட ஃபைல்.

"என்ன மேடம் சிரிப்பு?"

"கிளையன்ட் பேசினதை நான் வெளிய சொல்றதில்லை அண்ணே."

"நானும் கிளையன்ட்தானே!"

"நீங்க கிளையன்டோட வீட்டுக்காரர்," என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேரே வங்கிக்குப் போனோம். மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கல்யாணப் பத்திரிகை எதுவும் வரவில்லை. "இது கணக்கு," என்று சொல்லி, என்னை விட்டுவிட்டு என் மனைவிக்குக் கைகொடுத்தார். அறைகளுக்கு எப்போது வேலை தொடங்கலாம் என்றும் அவளிடமே கேட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மழைத் தூறல். பின்சீட்டில் அவள் ஃபைலை முந்தானைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன். "என்னதான் சிரிச்சீங்க? சொல்லேன்!" ஒவ்வொரு வளைவிலும் அவள் பதில் சொல்லாமல் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க ஸ்கூட்டரும் குலுங்கியது. காரணம் தெரியாமலே நானும் சிரித்துக்கொண்டு, எதிரில் யாரும் இல்லாத சாலையில் சிப்பிகாட் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.