உப்புத் தண்ணீர் ஓடிய லேசர்

ஜெயக்கொடியின் குடும்பம் செம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம். முப்பத்து மூன்று வயதான அவளோ ஏழு வருடமாக லேசரால் இரும்பைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

எஃகுத் தகட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சக்தியில் அது உருகத் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. கடைசி இரண்டு வருடமாக எஃகு அநியாயத்துக்கு அடம்பிடித்தது. உலகமெல்லாம் உருகிய அளவில் இவளிடம் உருகவில்லை. கைடு யக்ஞநாராயணன் அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று இரண்டு மாநாடுகளில் பேசிவிட்டு வந்தார். ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை உறுதி.

தொண்ணூற்றொன்று ஏப்ரலில் லேசரின் விளக்கு மக்கர் செய்தது. கழற்றினாள். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் கண்ணாடிக் குழல் முழுக்க வெள்ளைப் படலம். வீட்டில் இட்லிப் பானையின் அடியில் சுரண்டுகிற அதே வெள்ளை.

"ஏகநாதன் அண்ணா, விளக்கு சூடு ஆறறதுக்கு என்ன தண்ணி ஊத்தறீங்க?"

அட்டெண்டர் ஏகநாதன் பதறவில்லை. "போர் தண்ணிதாம்மா. டிஸ்டில்டு வாட்டர் வாங்கறத நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுது. சும்மா ஊத்துவனா? வேட்டித் துணியிலே வடிகட்டித்தான் ஊத்திகினு கீறேன்."

அவள் நோட்டைப் புரட்டினாள். சக்தியை அளக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகத் திரும்பவில்லை. லேசர் கம்பெனி கொடுத்த அட்டவணையைப் பார்த்துத்தான் நோட்டில் எண் எழுதியிருந்தாள். போர் தண்ணீரின் உப்பு வெளிச்சத்தை மறைத்ததில், எழுதியதில் பாதிதான் எஃகின் மேல் விழுந்திருக்கிறது. குழலை வினிகரில் கழுவி மாட்டிச் சுட்டாள். எஃகு ஊரோடு ஒத்துப்போய் உருகியது.

அவள் சொன்னதைக் கேட்டு கைடு கண்ணாடியைக் கழற்றினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"ஏகநாதன் அண்ணாவுக்கு, சார்."

"அவனுக்கென்ன புரியும்? ஆய்வேட்டு ஃபார்ம்ல கையெழுத்து போடும்மா."

"அந்த ரெண்டு வருஷத்தை எடுத்துட்டுக் குடுக்கறேன் சார்."

"எடுத்துட்டா மிச்சம் அட்டைதான். அட்டைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

வேறு கைடிடம் ஓடலாமென்றால், லேசர் இவருடையது. இதை விட்டால் அவளைப் பக்கத்தில் விடும் இன்னொரு லேசர் அவளுக்குத் தெரிந்து இல்லை.

சாயங்காலம் அம்மா பச்சையம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, உன் இரும்பு உருகிச்சா?"

"உருகிடிச்சிம்மா. அதான் பேஜாரு."

"உருகறதுக்குத்தானே ஏழு வருசமா சுட்டுகினு கீறே?"

ஜெயக்கொடி பையோடு உள்ளே போனாள். 'இவ்வெண்கள் யாவும் உண்மை' என்று அச்சடித்த ஃபார்ம் கையெழுத்தில்லாமல் பைக்குள்ளேயே இருந்தது. ஜூன் முடிந்து பொத்தேரி வேலை வேறு ஒருவருக்குப் போனபோதும் அது அங்கேயேதான் கிடந்தது.

ஜூலை முதல் தேதி தாம்பரத்துப் பாட்டரிக் கடையில் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கைக்கொன்றாக மின்சார ரயிலில் ஏற்றினாள். ஆய்வுக்கூடத்தில் அதே மேசை, எதிரே பேசாத அதே கைடு. புது நோட்டில் முதல் எண்ணை எழுதினாள்.