ஆணத்தில் மிதந்த மாக்கட்டி

"கொச்சிக்காய் போர்த்துக்கீசன் கொண்டு வந்ததாம். வட்டிலப்பம் மலாய்க்காரன்டயாம். ரொட்டி இந்தியாக்காரன்டயாம். அப்ப எங்கட ஆக்கள் ஆயிரம் வருசமா என்னத்தத்தான்கா தின்டு கிடந்தாங்க?" என்று கேட்டார் சுபியான்.

"எங்கட ஊட்டுப் புட்டத்தான்," என்றார் கனகசிங்கம்.

சின்ன லொறி கல்முனையைத் தாண்டி மேற்கே வயல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ரொட்டிக் கல், காஸ் சிலிண்டர், பெரிய அலுமினியச் சட்டிகள், கோதுமை மா மூட்டை, ஒரு சாக்குத் தேங்காய். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டிருந்தார்கள்.

"புட்டும் உங்கடயா மச்சான்?"

"பின்ன? குழலுக்கு முதல் மூங்கில் வெட்டினவன் எங்கட கொப்பாட்டன்."

"அந்த மூங்கில் நிண்ட காணி எங்கட ஆக்கள்ர. உறுதி இரிக்கி, காட்டட்டா?"

இந்த வழக்கு இருபது வருசமாக நடக்கிறது. சுபியானுக்குச் சாய்ந்தமருதில் ரொட்டிக்கடை. கனகசிங்கம் கல்முனையில் மீன் வியாபாரி. காலையில் பாரையோ சூரையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு பிளேன்டீக்கு உட்கார்ந்து, எந்தச் சாப்பாடு எவருடையது என்று ஆரம்பிப்பார். இருவரும் இதுவரை ஒரு பலகாரத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு நாளும் கோபித்துக்கொண்டு போனதுமில்லை.

கேட்பவர்களுக்குச் சுபியான் உல்லாசமாகப் போகிறார் என்றுதான் தோன்றும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தால் வேறு கதை. நகங்கள் வெளுத்திருந்தன.

அவருக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், மருதானையில் ஒரு ரொட்டிக்கடையில் மாப் பிசையக் கற்றுக்கொண்டவர். ஊருக்குத் திரும்பிப் போட்ட முதல் கடையைச் சுனாமி கொண்டு போனது. இரண்டாவது கடையை அதே இடத்தில் போட்டார். "கடல் ரெண்டு தரம் வராது" என்றார். கடலுக்குப் பயப்படாத அந்த மனிதரை ஒரு மாக்கட்டி பயப்படுத்தியது.

ஏழு வருசத்துக்கு முன்னர், உட்பகுதி நகரம் ஒன்றில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் ஆணத்தில், அதாவது கறிக்குழம்பில், வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. சிங்கள ஆண்களை மலடாக்கும் மாத்திரை என்று யாரோ சொன்னான். கடை நொறுங்கியது. பள்ளிவாசலும் தப்பவில்லை. பிறகு ஆய்வுகூடம் பார்த்துவிட்டு, அது வெறும் மாச்சத்து என்றது. சோற்றில் போட்டு ஓர் ஆணை நிரந்தர மலடாக்கும் மாத்திரை இந்த உலகத்தில் கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பொய்க்கு ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. உண்மை வந்து சேர வாரக்கணக்கானது. அது வந்தபோது கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

ரொட்டிக்கடை ஆணத்தைத் தடிப்பாக்கக் கொஞ்சம் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றுவது எங்கும் உள்ள வழக்கம். அன்றிலிருந்து சுபியான் அதை விட்டார். ரொட்டிக்கு மட்டும்தான் மா. ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் மட்டும், அதையும் மூன்று தரம் வடித்து. செலவு கூடியது. கேட்டவர்களிடம், "அதுதான் ருசி" என்றார். பயத்துக்கு ருசி என்று பெயர் வைத்துக்கொண்டால் கடை நடத்தலாம்.

அதே நகரத்தில் நடக்கும் மாவட்ட உணவு விழாவுக்கு அழைப்பு வந்தபோது மனைவி நஸ்லியா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"போகாட்டி உங்களுக்கு வெக்கம். போனா எனக்கு நெஞ்சிடி. என்ன செய்யப் போறீங்க?"

"பயத்துக்கு ஏழு வயசாயிட்டு புள்ள. இனி அத இஸ்கூலுக்கு அனுப்பத்தான் வேணும்."

பகிடியாகச் சொல்லிவிட்டார். கடையில் வேலை செய்யும் இருவரும் வர மறுத்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றவனுக்கு மச்சினியின் கல்யாணம். "நான் வாறன்" என்று கனகசிங்கம்தான் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறியில் ஏறினார்.

விழா மைதானத்தில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு பலகை தொங்கியது. சிங்கள உணவு. தமிழ் உணவு. முஸ்லிம் உணவு. சட்டிக்கும் அடையாள அட்டை கொடுக்கும் நாடு இது. பக்கத்துக் கூடாரத்தில் குசுமா என்ற சிங்களப் பெண், கொதிக்கும் எண்ணெயில் அச்சை முக்கி முக்கிக் கொக்கிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும், நல்ல கட்டைக் குரல். ஊர்ச் சந்தையில் தமிழும் பழகியவள்.

கனகசிங்கம் போன உடனேயே தொடங்கிவிட்டார். "இது எங்கட அச்சுப் பலகாரமெல்லா?"

"உங்க பலகாரமா? புதுவருசத்துக்கு எங்க வீட்டு மேசையில இருக்கு. எங்க அம்மாட அம்மா செஞ்சது."

"எங்களுக்கும் அதே நாள்தான் வருசம். அப்ப பாதி எங்கட."

சுபியான் மாவுருண்டைகளுக்கு எண்ணெய் தடவியபடி, "ரெண்டு பேரும் சும்மா கத்தாதீங்க. அது ஒல்லாந்தக்காரன்ட எண்டு சொல்றாங்க," என்றார்.

குசுமா கரண்டியை நீட்டினாள். "அப்ப ஒல்லாந்தக்காரன வந்து இந்த எண்ணெய்க்கு முன்னால நிக்கச் சொல்லுங்க!"

மூவரும் சிரித்தார்கள். சுபியானின் கண் மட்டும் சிரிக்கவில்லை. அது வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் எண்ணிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு வரிசை வீதிவரை போனது. அறுபது தேங்காய் கேட்ட சுபியானுக்கு இருபத்தைந்துதான் கிடைத்திருந்தது. நாட்டில் தேங்காய்க்கு வந்த பஞ்சம் அப்படி. முதல் சட்டி தீர்ந்தது. இரண்டாவது சட்டிக்குப் பால் போதாமல் ஆணம் நீராக ஓடியது. வாங்கிப் போன ஒருவர் திரும்பி வந்து, "முதலாளி, இது ஆணமா, கை கழுவும் தண்ணியா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாக் கரச்சி ஊத்து மச்சான்," என்றார் கனகசிங்கம்.

"வேணாம்."

"சனம் போகப் போகுது."

"வேணாம்டு சொன்னனே! எது எண்டாலும் இந்த ஊர்ல அது வேணாம்."

வரிசை முணுமுணுத்தது. கடைசியில் சுபியான் கூடாரத்துக்குப் பின்னால், தறப்பாள் மறைவில் குந்தினார். பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து, துணியில் மூன்று தரம் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஊற்றினார். சொந்தச் சட்டியில் களவு செய்வதுபோல் இருந்தது அவருக்கு. ஆணம் தடித்தது. வரிசை அமைதியானது.

மூன்றாவது சட்டி நேரத்தில் அவரால் கல்லை விட்டு நகர முடியவில்லை. "நீ பாத்துக்க," என்றார். கனகசிங்கம் மீன்காரர், செதிளும் செவுளும் தெரிந்தவர். அவசரத்தில் கொதிதண்ணீரை மாவில் கொட்டிக் கலக்கினார். வடிக்கவும் நேரமில்லை.

அரை மணித்தியாலம் சென்றிருக்கும். எதிரே மர வாங்கில் உட்கார்ந்திருந்த நாலு சிங்கள இளைஞர்களில் கிரிக்கெட் தொப்பி போட்ட ஒருவன், கரண்டியில் எதையோ தூக்கிப் பிடித்தான். வெள்ளையாக, சுண்டு விரல் நுனியளவு. பக்கத்தில் இருந்தவன் குனிந்து பார்த்தான். மற்றவன் போனை எடுத்தான்.

சுபியானின் கையில் விரிந்திருந்த ரொட்டி கல்லில் விழுந்தது. புரட்ட வேண்டும். கை வரவில்லை. ரொட்டி கருகியது. லொறிச் சாவி எந்தப் பையில்? காஸை மூட வேண்டும். கனகசிங்கத்தை முதலில் அனுப்ப வேண்டும். நஸ்லியாவுக்கு யார் சொல்வார்கள்? இத்தனையும் ஒரு மூச்சுக்குள்.

அதற்குள் கனகசிங்கம் முன்னால் போய், உடைந்த சிங்களத்தில், "நான் கரச்சது தம்பி. என்ட வேல. இவருக்கு ஒண்டும் தெரியாது. நான் தமிழாள்," என்று நெஞ்சில் தட்டினார்.

அந்தக் கடைசி இரண்டு சொல்லும்தான் சுபியானை நடக்க வைத்தன. இருபது வருசம் ஒரு புட்டைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதன், அடி விழும் என்றதும் முழுச் சட்டியையும் தன்னுடையது என்கிறான். அப்படி ஒருவன் தன் பிறப்பைக் குடையாகப் பிடித்து இன்னொருவனைக் காப்பாற்ற வேண்டியிருப்பது எவ்வளவு கேவலம்! கேவலம் அவர்கள் இருவருக்குமில்லை.

"விலகு மச்சான். சட்டி என்ட."

"கரச்சது நான்கா!"

"கரைக்கச் சொன்ன நான். அடிக்கிற எண்டா என்னட்ட வரட்டும்." இளைஞனிடம் திரும்பினார். சிங்களத்தில் சொன்னார். "அது கோதுமை மா. வேறொன்றும் இல்லை."

தொப்பிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாதான், தெரிகிறது. சரியாகக் கரையவில்லை முதலாளி. இதையே எங்கள் அம்மா கண்டால் கரண்டியால் போடுவா. வேறு ஆணம் ஊற்றுங்கள்."

போன் வைத்திருந்தவன், "ரொட்டி வீசுவதை வீடியோ எடுக்க வந்தேன். ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றான்.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து குசுமாவின் குரல் பாய்ந்தது. "சுடுதண்ணி ஊத்தினீங்களா? சுடுதண்ணி ஊத்தினா கட்டி பிடிக்காம என்ன செய்யும்! அந்தப் பெரிய மனுசனுக்குச் சமையல் தெரியாதா?"

"எனக்கு மீன்தான் தெரியும்," என்றார் கனகசிங்கம்.

சுபியான் மா மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பையன்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் ஒன்றும் நடக்காத அந்த ஒரு நிமிசத்தில் ஒரு மனிதன் தன் கடை எரிவதையும் மனைவி அழுவதையும் பார்த்து முடித்திருந்தான். ஏழு வருசத்துக்கு முன்னர் பொய்யைக் கட்டிவிட்டவன் இப்போது எங்கேயோ நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருப்பான். இதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

குசுமா ஒரு தட்டில் கொக்கிஸுடன் வந்து நின்றாள். "தின்னுங்க, முகம் வெளுத்துப் போச்சு. ஆணம் ருசி. தடிப்பாக்க என்ன போட்டீங்க?"

ஏழு வருசமாக இந்தக் கேள்விக்கு, தேங்காய்ப்பால் மட்டும் என்று அவர் வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது. அது நாக்குவரை வந்தது. விழுங்கினார்.

"கோதுமை மா," என்றார். அவளுக்குக் கேட்டதா என்று சந்தேகம். "கோதுமை மா! ரெண்டு கோப்பை. பச்சத் தண்ணியில கரைக்கணும்." வரிசையில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ரொட்டிக் கல்லைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து தறப்பாளுக்குப் பின்னால் போனார். மா வாளியையும் தண்ணீர்க் குடத்தையும் வடிதுணியையும் தூக்கி வந்து, வரிசைக்கு நேரே, முன்மேசையில் வைத்தார். எல்லாரும் பார்க்க, கோப்பையால் மாவை அள்ளினார். பாதி மேசையில் கொட்டியது.

"மெல்லமா மச்சான்," என்றார் கனகசிங்கம்.