திருப்பிவிட்ட அழைப்புகள்

நெல்லித்தோப்பில் நான் குடியிருக்கும் வீட்டில் இன்டர்நெட் கேபிள் இழுக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஒரு ஓட்டையில் உங்கள் உயிரா போய்விடும் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாடகைக்கு இருக்கிறவள், அடக்கிக்கொண்டேன். அதனால் என் பழைய போன்தான் எனக்கு மோடம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அதை வைத்துக்கொண்டுதான் நாவல்களை ஒலிநூலாக வாசித்துப் பதிவுசெய்து சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்புகிறேன்.

அன்று அனுப்ப வேண்டியது பதினெட்டாம் அத்தியாயம், முந்நூற்றைம்பது எம்பி. நான்கு மணிக்குள் வராவிட்டால் அதையும் கடைசி அத்தியாயத்தையும் வேறு ஆளை வைத்துப் பதிவுசெய்துகொள்வேன் என்று ஸ்டுடியோ மேனேஜர் சொல்லிவிட்டார். பதினேழு அத்தியாயமாக அந்தக் கதைநாயகியை நான் வளர்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் போகிற குரலிலிருந்து நரைத்த குரல் வரைக்கும். கடைசியில் அவள் சாகும்போது மட்டும் இன்னொருத்தியின் குரலா?

மூன்று முறை ஏற்றினேன். மூன்று முறையும் தொண்ணூறு சதவீதத்தை நெருங்கும்போது அறுந்து, மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. அன்றைய டேட்டாவில் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சமிருந்தது.

நான் பதிவுசெய்யும்போது மிக்சியை நிறுத்திவைக்கிற மாடி வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வந்துச்சுன்னு அந்தாளு போன் பண்றப்பல்லாம்தான்டி நின்னு போவுது. நீ கவனிக்கலியா?" என்றார்.

அட பாவி மனுஷா! என் போனில் அழைப்பு வந்தால் நெட் அறுந்துவிடும். அவசரப்படுத்தி அவசரப்படுத்தி, என் வேலையைக் கெடுத்ததே அந்த மேனேஜர்தான்.

எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அக்காவின் போனுக்குப் போகும்படி திருப்பிவிட்டேன். பிறகு நாலாவது முறையாக ஏற்ற ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் அக்காவின் போன் அடித்தது.

"ஏறிக்கினு இருக்குது சார். பக்கத்துலதான் குந்தினு இருக்கா. இல்ல சார், பேச மாட்டா. நீங்க பேசுனா அறுந்துடுது."

மேனேஜர் கத்தியது எனக்கே கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த கீரையை ஆய்ந்தார். இன்னும் மூன்று முறை கூப்பிட்டார் அவர். மூன்று முறையும் அக்கா சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் மேனேஜரின் மெயில் வந்தது. அத்தியாயம் கிடைத்ததாம். ஆனால் போனை எடுக்காதவர்களோடு வேலை செய்ய முடியாதாம். கடைசி அத்தியாயத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறாராம்.

பார்க்கட்டுமே! அன்றைக்கே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். மறுநாள் காலை, புது டேட்டா வந்ததும், அவர் கேட்காமலே அனுப்பினேன். "இதைக் கேட்டுவிட்டு ஆள் தேடுங்கள்" என்று ஒரு வரி மட்டும் எழுதினேன்.

பதிலே வரவில்லை. ஒலிநூல் வெளிவந்துவிட்டது. அவள் என் குரலில்தான் சாகிறாள்.